கன்வர்ட்டர் மேல் பழி

ஒன்று புள்ளி நாலா, டூ எக்ஸா என்று இரண்டு உள்ளங்கையிலும் இரண்டு கன்வர்ட்டரை ஏந்திக்கொண்டு கடைக்காரன் காதர் மீரான் கேட்டபோது ஆவுடையப்பனுக்கு அந்தக் கேள்வியே ஒரு ஆறுதலாக இருந்தது. பதில் உள்ள கேள்வி அல்லவா அது. லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டுகிற குட்டைக் குழாய், தூரத்தில் கிடப்பதை இழுத்துக் கிட்டத்தில் போடும், அதற்குக் கூலியாக வெளிச்சத்தைப் பிடுங்கிக்கொள்ளும், சின்னது கொஞ்சம் பிடுங்கும், பெரியது நிறையப் பிடுங்கும், விஷயம் அவ்வளவுதான், ஆனால் இதை வைத்து ஒரு நாள் முழுக்கப் பேசலாம், பேசப் பேச மனசு வேறெங்கும் ஓடாது. "டூ எக்ஸ் போட்டா போகஸ் முக்கும்லா மீரான்?" என்றார், தெரியாதவர் மாதிரி. "முக்கும் அண்ணாச்சி, காலை வெயில்ல பரவால்ல, சாயங்காலம் ஆச்சுன்னா முன்னயும் பின்னயும் போய்ப் போய் வந்துகிட்டே இருக்கும், கொக்கு பறந்து போயிரும்." அதுதான், அதுதான், அதைத்தான் நானும் சொல்லுதேன் என்று அவருக்குள் யாரோ சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். குற்றம் கன்வர்ட்டர் மேல்தான். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் மாடியில் இருக்கிற கடை, கீழே பஸ்களின் ஹாரன், உள்ளே ஏசி குளிர், கண்ணாடி அலமாரிக்குள் வெள்ளையும் கறுப்புமாகப் பெரிய பெரிய லென்ஸ்கள், அலமாரிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு அவர் மனைவி சொர்ணம். இத்தனை வருஷத்தில் கேமராக் கடைக்கு அவள் வந்ததே கிடையாது. இன்றைக்குப் புறப்படும்போது, நானும் வாரேன் என்று செருப்பை மாட்டிவிட்டாள். எதுக்கு என்று கேட்கவும் பயம், வேண்டாம் என்று சொல்லவும் பயம், கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவள் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாளோ. தன்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். பார்க்கட்டும், லென்ஸ் வாங்க வந்த ஒரு மனுஷன் லென்ஸைப் பற்றித்தானே பேசுவான்.

பறவைகள் வந்து தங்குகிற கூந்தன்குளத்தில் போன சீசன் பூராவும் படம் சாஃப்ட். சாஃப்ட் என்றால் படமெடுப்பவர்கள் பாஷையில் மழுங்கல், முனை இல்லாத படம், இறகு இறகாகத் தெரிய வேண்டிய இடத்தில் பஞ்சு அப்பியது போலத் தெரிவது. முதலில் கானல் என்று நினைத்தார். குளத்து மேல் வெயில் ஏறினால் காற்று கொதிக்கும், தூரத்துப் படமெல்லாம் நெளியும், அது எல்லோருக்கும் உள்ளது. சரியென்று விடியற்காலமே போய் உட்கார்ந்தார், அப்பவும் சாஃப்ட். அப்புறம் ட்ரைபாட் ஆடுகிறது என்று புது ட்ரைபாட். அதற்கப்புறம் லென்ஸ். அதை மெட்ராஸுக்குச் சர்வீஸுக்கு அனுப்பினால், குறை ஒன்றும் இல்லை என்று துடைத்துத் திருப்பி அனுப்பிவிட்டான், என்னத்த பாத்தானோ, இந்தக் காலத்தில் எவன் ஒழுங்கா வேலை பாக்கான். கடைசியில் பழி வந்து விழுந்தது கன்வர்ட்டர் தலையில். பாவம், அது வாய் பேசாது. இவர் எதை மாட்டினாரோ அதையெல்லாம் வைதார், வையாத சாமான் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. கேமராவில் கண் வைத்துப் பார்க்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு குட்டிச் சக்கரம் உண்டு, அவரவர் கண்ணுக்குத் தக்கபடி திருகி வைத்துக்கொள்வதற்கு. ஒரு தடவை திருகினால் ஆயுசுக்கும் அதைத் தொட வேண்டாம். அவர் தொட்டார். மார்கழியில் ஒரு நாள் லேசாகத் திருகினார், தெளிந்த மாதிரி இருந்தது. தையில் இன்னும் கொஞ்சம். ஒரு நாள் காலையில் நாரை ஒன்று தலைக்கு மேலே வட்டம் போடும்போது பெருவிரலால் திருகத் திருக, சக்கரம் இனிமேல் வரமாட்டேன் என்று நின்றுவிட்டது. நின்ற இடத்திலேயே விரலை எடுத்துவிட்டார். கேமராவைப் பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து, ஃபிளாஸ்க்கிலிருந்து காபியை ஊற்றிக் குடித்தார், நாரை பாட்டுக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தது, அவர் நிமிரவே இல்லை.

"அண்ணாச்சிக்கு எடை தாங்குமா? தாங்கும்னா நான் ஒண்ணு சொல்லட்டா, கன்வர்ட்டரே வேண்டாம், அறுநூறு பிரைமா எடுத்திருங்க, ஒரே கண்ணாடி, ஒரே தூரம், சண்டையே இல்ல" என்று மீரான் பேசிக்கொண்டே போனான். எடை தாங்கும், கை நல்லாத்தான் இருக்கிறது. கை, கால், முதுகு, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, எல்லாம் அவர் வயசுக்கு அமோகம், எல்லோரும் சொல்வார்கள். மின்சார வாரியத்தில் முப்பது வருஷம் கம்பம் நட்டவர், தூக்குக்குண்டு இல்லாமலே கண்ணால் பார்த்து, வடக்கே ஒரு விரல்கடை சாயுதுலே என்று சொல்லக்கூடியவர், லைன்மேன்கள் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் அளந்துவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள். அதுவும் ஒற்றைக் கண்ணால். இடது கண் பிறந்ததிலிருந்தே சோம்பேறி, வெளிச்சம் தெரியும், ஆள் நிழல் தெரியும், மற்றபடி அது சும்மா முகத்துக்கு அழகுக்கு. படமெடுக்கிறவனுக்கு எதுக்கு ரெண்டு கண்ணு, கடவுள் என்னைக் கேமராவுக்குன்னே படைச்சிருக்கான், மூடுத வேலைகூட மிச்சம் என்று போட்டோ கிளப்பில் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்திருக்கிறார். இப்போது ஏன் அது ஞாபகம் வர வேண்டும். போன மாசம் தெருமுனைக் கம்பம் நடுவில் வளைந்திருக்கிறது என்று பழைய ஆபீஸுக்குப் போன் போட்டு ஒரு பாட்டம் ஏசினார், ஏலே, மழை காலத்துல விழுந்து எவனாச்சும் செத்தாத்தான் வருவீங்களா என்று. வந்தான் ஒரு பையன், புதுசு, இவரைத் தெரியாது. சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நேராத்தானே சார் நிக்கி?" என்றான். பழைய உத்தியோகத் திமிரில் கத்திவிட்டார். அவன் போன பிறகு தெருவில் நின்று பார்த்தார், கம்பம் நடுவில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றது. எதிர்வீட்டு ஜன்னல் கம்பியும் தள்ளிக்கொண்டு நின்றது. அதற்கெல்லாம் யாருக்குப் போன் போட? தலையைக் குனிந்தபடி வீட்டுக்குள் வந்து, விசிறியைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார்.

அப்பாவுக்கும் இப்படித்தான், என்று நினைப்பு தொடங்கும், உடனே அதன் வாயைப் பொத்துவார், விடாது, விரலைக் கடித்துக்கொண்டு வெளியே வரும். தபால் ஆபீஸ் கவுண்டரில் இருந்த மனுஷன், ஸ்டாம்பில் பல் ஒன்று குறைந்தால்கூடக் கண்டுபிடிப்பவர், கடைசிப் பத்து வருஷம் கோழி பார்க்கிற மாதிரி தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இலைக்கு நடுவில் அவியலை வைத்துவிட்டுத் திரும்பினால், "ஏட்டி, அவியல் இல்லையா?" என்பார். ஓரத்தில் இருக்கிற உப்பு தெரியும், நடுவில் இருக்கிற அவியல் தெரியாது. அம்மா முதலில் எரிந்து விழுந்தாள், அப்புறம் எல்லாவற்றையும் ஓரத்தில் வைக்கப் பழகிக்கொண்டாள். கல்யாண வீடுகளில் எதிரே வந்து நின்றவர்களைப் பார்க்காமல் பக்கத்துச் சுவரைப் பார்த்துப் பேசுவார், மனுஷனுக்கு என்ன மண்டைக்கனம் பாரு என்று ஊர் பேசிற்று. யாரு, ஆவுடையா? இதுதான் அப்பா அவரிடம் கடைசி காலத்தில் திரும்பத் திரும்பக் கேட்டது. பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், ஆமாப்பா என்பார், கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், யாரு, ஆவுடையா? சீ, அது அந்தக் காலம், கவனிக்காமல் விட்டது, புகையிலை போடுவார். நான் புகையிலை போடுகிறேனா? கீரை சாப்பிடுகிறேன், காரட் சாப்பிடுகிறேன். ஒரு நடை டாக்டரிடம் போனால் தெரிந்துவிடும். தெரிந்துவிடும் என்பதுதானே இடைஞ்சல். போகிற வரைக்கும் அது கன்வர்ட்டர் கோளாறு, போய்விட்டு வந்தால் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் இருக்கும். லென்ஸ் என்றால் மாற்றலாம், கழற்றி இன்னொன்றை மாட்டலாம், மீரான் கடையில் அடுக்கடுக்காக இருக்கிறது.

"சும்மா பாருங்க அண்ணாச்சி, பாக்கதுக்கு என்ன?" மீரான் ஜன்னலைத் திறந்து அறுநூறை ட்ரைபாடில் ஏற்றி, பின்னால் டூ எக்ஸையும் சேர்த்து மாட்டி வைத்திருந்தான். எதிரே இரண்டு கட்டிடம் தள்ளி செல்போன் டவர், அதில் ஒரு பருந்து உட்கார்ந்து இறகைக் கோதிக்கொண்டிருந்தது. ஆவுடையப்பன் குனிந்து கண்ணை வைத்தார். என்ன ஒரு கண்ணாடி, அடேயப்பா, டவரின் ஓரத்துத் துரு தெரிகிறது, துருவில் ஒட்டியிருக்கிற எச்சம் தெரிகிறது, ஓரமெல்லாம் கழுவிவிட்டது போலச் சுத்தம். பருந்துக்குத் தலை இல்லை. உடம்பு இருக்கிறது, வால் இருக்கிறது, கழுத்துக்கு மேலே சாம்பலைத் தடவிய மாதிரி ஒரு இடம். கண்ணை லேசாக மேலே நகர்த்தினார், தலை வந்தது, வளைந்த மூக்கு வந்தது, ஆஹா என்று அதை நேராகப் பார்க்கப் போனார், சாம்பல் அங்கே வந்து உட்கார்ந்துகொண்டது. கீழே பார்த்தால் தலை, தலையைப் பார்த்தால் ஒன்றுமில்லை. எதைப் பார்க்க வேண்டுமோ அதை மட்டும் தின்கிற ஒரு பூச்சி கண்ணுக்குள் புகுந்துவிட்டது, இவர் போகிற இடத்துக்கெல்லாம் முந்திக்கொண்டு போய் அங்கே நிற்கிறது. பயம் பிடித்துக்கொண்டது, பச்சைப் பயம். ஏதாவது சொல்ல வேண்டும், மீரான் காத்திருக்கிறான், பின்னால் சொர்ணம் நாற்காலியை நகர்த்துகிற சத்தம் கேட்கிறது. "சாஃப்ட்டா இருக்கே மீரான்" என்றார். "தள்ளுங்க பாப்போம்." மீரான் குனிந்தான், எழுந்தான். "என்ன அண்ணாச்சி, இறகை எண்ணலாம் போல இருக்கு, இதைப் போய்ச் சாஃப்ட்டுங்கீங்க?" அவன் கேலியாகத்தான் சொன்னான், அதில் ஒரு கெடுதலும் இல்லை, ஆனால் ஆவுடையப்பனுக்கு முகம் சுட்டது. "கன்வர்ட்டரைக் கழத்து. அது இல்லாம பாப்போம்" என்றார், குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

சொர்ணம் எழுந்து ஜன்னல் பக்கம் வந்து நின்றாள். மல்லிகை வாசனை வந்தது, அதனால்தான் தெரிந்தது. கொஞ்ச மாதமாக அவர் அவளை நேருக்கு நேர் பார்ப்பதில்லை. அவள் பேசும்போது அவள் காதைப் பார்ப்பார், தோளுக்கு மேலே காலண்டரைப் பார்ப்பார், அப்போதுதான் அவள் முகம் ஒரு ஓரமாக, மங்கலாக என்றாலும், முழுசாகக் கிடைக்கும். மூக்குத்தி இருக்கும், வாய் அசைவது தெரியும், கோபமா சிரிப்பா என்று ஒரு மாதிரி ஊகித்துக்கொள்ளலாம். நேரே பார்த்தால் காதும் பூவும் கழுத்துச் செயினும் இருக்கும், நடுவில் அவள் இருக்க மாட்டாள். பொங்கலுக்கு முந்தி ஒரு சண்டை வந்தது, உருப்படாத சண்டை, மகன் வீட்டுக்கு பெங்களூர் போய்விடலாம் என்றாள், கூந்தன்குளத்தை விட்டுட்டு நான் எங்கயும் வரமாட்டேன் என்றார், அப்போ அந்தப் பறவைகளையே கட்டிக்கிட்டு அழுங்க என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். ஆனால் அவள் கணக்கில் அன்றைக்குத் திரும்பின முகம்தான் இன்னும் திரும்பியே கிடக்கிறது. ஒரு நாள் காலையில் தோசையைத் தட்டில் போட்டுவிட்டுக் கரண்டியோடு நின்றாள். "நான் என்ன தப்புப் பண்ணிட்டேன், என் மூஞ்சியைப் பாக்கக்கூடப் பிடிக்கலையா உங்களுக்கு?" சொல்லியிருக்கலாம். அந்த ஒரு நிமிஷத்தில் சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. சட்னி நல்லா இருக்கு என்றார். அவள் அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள், அப்புறம் வெகுநேரம் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார், சொன்னால் அவளும் எல்லாவற்றையும் இலை ஓரத்தில் வைக்க ஆரம்பித்துவிடுவாளே என்று நினைத்தார்.

"சரி அண்ணாச்சி, ஒரு வேலை செய்வோம்" என்றான் மீரான். "உங்க கேமராவுல படம் ஏதாச்சும் கிடக்கா? கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தா கன்வர்ட்டர் குத்தமா, லென்ஸ் குத்தமான்னு சட்டுனு சொல்லிருவேன்." கிடந்தது, போன ஞாயிற்றுக்கிழமை எடுத்தது. மற்றதெல்லாம் அன்றன்றைக்கே கழித்துவிடுவார். சாயங்காலம் கம்ப்யூட்டரைத் திறந்து உட்கார்ந்து, ஒவ்வொரு படமாகப் பெரிசு பண்ணி, கண்ணைப் பார்ப்பார், பறவையின் கண் கூர்மையாக இருந்தால் படம் இருக்கும், இல்லையென்றால் அழி, அதுதான் இந்தத் தொழில்காரர்களின் சட்டம். கண் சரியில்லையென்றால் மற்றது எப்படி இருந்தாலும் குப்பை. இந்த ஞாயிற்றுக்கிழமைப் படங்களை அழிக்கக்கூடத் தெம்பில்லாமல் விட்டு வைத்திருந்தார். மீரான் கார்டைச் செருகினான், மவுஸைத் தட்டினான். தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒன்று, அடுத்தது, அடுத்தது. "அண்ணாச்சி." "என்னடே?" "இதுல எதைச் சாஃப்ட்டுங்கீங்க?" ஆவுடையப்பன் திரையைப் பார்த்தார், ஓரத்தில் நாணல் தெரிந்தது, நடுவில் பஞ்சு. "அந்தக் கூழைக்கடா. எல்லாமும்தான்." மீரான் அவரைத் திரும்பிப் பார்த்தான், கொஞ்சம் தயங்கித்தான் பேசினான். "அதோட மூக்கு நுனியில ஒரு சொட்டுத் தண்ணி தொங்குது அண்ணாச்சி. அந்தச் சொட்டுக்குள்ள சூரியன் தெரியுது. கண்ணுல இமை ஓரம் தெரியுது. கேமரா தானாவே கண்ணைத் தேடிப் புடிச்சிருக்கு, ஒண்ணுகூடத் தப்பல. கன்வர்ட்டரும் நல்லா இருக்கு, லென்ஸும் நல்லா இருக்கு."

ஒன்றுகூடத் தப்பவில்லை. அப்படியென்றால், என்று நினைப்பு மெதுவாகத் திரும்பிப் போன சீசனைப் பார்த்தது. இமயமலையைத் தாண்டி வந்த வரித்தலை வாத்துகள் வரிசையாகச் சூரியனுக்குக் குறுக்கே போனது, அழித்தாச்சு. தாய் நாரை சிறகை விரித்துக் குஞ்சுக்கு நிழல் பிடித்தது, அழித்தாச்சு. முட்டியளவு சேற்றில் நின்று, கொசுக்கடி பட்டு, மூச்சைப் பிடித்து எடுத்த அத்தனையும், ஆட்காட்டி, மீன்கொத்தி, மழையில் நனைந்த பூநாரை, எல்லாம் இதே மாதிரி கண்ணும் இமையும் சொட்டுத் தண்ணியுமாக இருந்திருக்கிறது, நான்தான், என் கையாலேயே, உட்கார்ந்து உட்கார்ந்து, ஒரு பாவமும் செய்யாத படங்களை. அழித்த விரல் வலித்தது, நிஜமாகவே வலித்தது. அழுகை வந்தது. படம் போனதற்கா? படம் கிடக்கிறது, அடுத்த மார்கழிக்கு வாத்து மறுபடியும் வரும், அது தவறாமல் வரும். தப்பிக்க இனி ஒரு சாமானும் பாக்கியில்லை, வைய ஒன்றும் இல்லை. அறுநூறு வாங்கலாம், எண்ணூறு வாங்கலாம், ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாகக் கன்வர்ட்டரை மாட்டிக்கொண்டே போகலாம், கடைசியில் வந்து முட்டுகிற இடம் இந்த ஒரே கண்தான்.

"தம்பி, அப்போ படத்துல குறை இல்லன்னா, வேற எதுலதான் குறை?" என்று சொர்ணம் மீரானைக் கேட்டாள். சும்மா, விவரம் தெரியாமல், ஒரு சாமான் வாங்கப் போன இடத்தில் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். பக்கத்து அறையில் பில் மிஷின் கிரீச்சிட்டது. "மைனி, நான் டீ சொல்லிட்டு வாரேன்" என்று மீரான் எழுந்து கீழே போய்விட்டான். ஆவுடையப்பன் அவளைப் பார்ப்பதற்காக முகத்தைத் திருப்பினார், ஜன்னல் பக்கமாக, வழக்கம் போல.

"பாத்தீங்களா, இப்பவும் திருப்புதீங்க" என்றாள் சொர்ணம். குரல் உடைந்திருந்தது. "கட்டுன பொண்டாட்டியைக் கடையில வச்சுக்கூடப் பாக்க மாட்டீங்களா? அப்படி என்னதான் பண்ணிட்டேன் நான்?"

"உன்னைப் பாக்கத்தான் திருப்புதேன் சொர்ணம்."

"என்ன?"

"நேராப் பாத்தா நீ இல்ல. ஓரத்துல வச்சாத்தான் தெரியுதே. அப்பாவுக்கு வந்ததுதான், எனக்கும் வந்திருக்கு." சொல்லிவிட்டார். சொன்ன பிறகு கடை அப்படியே இருந்தது, கீழே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போயிற்று.

அவள் அழுகிறாளா என்று பார்க்க வேண்டும், அதற்கு வேறு எங்கேயாவது பார்க்க வேண்டும். அவள் கிட்ட வந்தாள். இரண்டு கையாலும் அவர் கன்னத்தைப் பிடித்து, பிள்ளைக்குப் பொட்டு வைக்கிற மாதிரி, முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"நேராப் பாருங்க. ஓரமா வேண்டாம், என்னை நேராப் பாருங்க. என்ன தெரியுது?"

பார்த்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நேராகப் பார்த்தார். மூக்குத்தி இல்லை. மூக்கு இல்லை. வாய் இருந்த இடத்தில் சாம்பல். கண் இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீரில் கரைந்த மை மாதிரி ஏதோ, அது அவளா, இவர் கண்ணீரா, சொல்ல முடியாது. இதையெல்லாம் எந்த வாயால் சொல்வது. அவள் காத்திருந்தாள், மூச்சு முகத்தில் பட்டது. நெற்றிக்கு மேலே, சாம்பல் முடிகிற இடத்தில், தலைமுடி தெரிந்தது, நரை தெரிந்தது, நடுவே வகிடு தெரிந்தது. உள்ளதிலேயே லேசானதை எடுத்துச் சொன்னார்.

"வகிடு வளைஞ்சிருக்கு."

அவள் கை அவர் கன்னத்தை விட்டுத் தன் தலைக்குப் போயிற்று. "காலையில நேராத்தானே எடுத்தேன்" என்று சொல்லிக்கொண்டே, இரண்டு பக்கமும் முடியை அழுத்தி அழுத்தி நீவிவிட்டு, மறுபடியும் அவருக்கு நேரே முகத்தைக் காட்டினாள்.

"இப்போ? இப்போ நேரா இருக்கா?"